புதிய அதிபர் வந்தால் அண்டை நாட்டு உறவில் என்ன மாறும்? டர்பனில் இருந்தபடி கணிக்க ஒரு வழிகாட்டி

டர்பன் துறைமுகத்தில் இறங்கும் சரக்கை மசெரு, மன்சினி, மபுட்டோ, ஹராரே என்று அண்டை நாட்டு நகரங்களுக்கு அனுப்பித் தொழில் செய்பவர்களுக்குத் தென்னாப்பிரிக்க அதிபர் மாறுவது வெறும் செய்தி இல்லை. எல்லையில் லாரி எத்தனை நாள் நிற்கும், கடையில் வேலை பார்க்கும் ஜிம்பாப்வேக்காரரின் பர்மிட் நீடிக்குமா, லெசோத்தோ வாடிக்கையாளரின் கையில் அடுத்த காலாண்டில் பணம் இருக்குமா என்பதெல்லாம் அந்த மாற்றத்தோடு கட்டுண்டவை. க்வாசூலு-நட்டால் மாகாணம் மொசாம்பிக், எஸ்வாத்தினி, லெசோத்தோ என மூன்று நாடுகளைத் தொட்டுக் கிடக்கிறது. டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்திலோ டோங்காட்டிலோ உட்கார்ந்திருப்பவருக்கு, அரசு இருக்கும் பிரிட்டோரியாவைவிட எஸ்வாத்தினிக்குப் போகும் கொலேலா எல்லைச் சாவடி பக்கம்.

இந்த வழிகாட்டி வணிகர்களுக்கும், உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதுபவர்களுக்கும், அரசியல் படிக்கும் மாணவர்களுக்கும். புதிய அதிபரின் அண்டை நாட்டுக் கொள்கை எந்தெந்தக் காகிதங்களில் உருவாகிறது, எந்த வரிசையில், எங்கே கணிப்பு தவறும் என்பதைச் சொல்கிறோம். ஒன்றை மட்டும் முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடலாம்: பேச்சில் கொள்கை தெரியாது. நியமனம், பணம், பர்மிட், படை ஆகிய நான்கிலும் யார் கையெழுத்திட்டார், எந்தத் தேதி வரை என்று பாருங்கள்.

முதலில் நாள்காட்டி

தென்னாப்பிரிக்காவில் மக்கள் நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுப்பதில்லை. தேர்தல் முடிவு அறிவித்த 14 நாளுக்குள் நாடாளுமன்றத்தின் தேசிய அவை கூடவேண்டும். அந்த முதல் அமர்வில் உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரை அதிபராகத் தேர்வு செய்கிறார்கள். தேர்வானவர் ஐந்து நாளுக்குள் பதவியேற்கவேண்டும். 2024இல் இது எப்படி ஓடியது என்று பாருங்கள்: மே 29 வாக்குப்பதிவு, ஜூன் 14 தேர்வு, ஜூன் 19 பதவியேற்பு, ஜூன் 30 அமைச்சரவை அறிவிப்பு, ஜூலை 18 நாடாளுமன்றத் தொடக்க உரை. அடுத்து ஆகஸ்டில் தெற்கு ஆப்பிரிக்க வளர்ச்சிச் சமூகத்தின் உச்சி மாநாடு வந்துவிடும். சாடெக் என்று எல்லோரும் சொல்லும் இந்த 16 நாட்டு அமைப்பின் தலைமையகம் போட்ஸ்வானாவின் காபரோனில் இருக்கிறது. பிறகு பிப்ரவரியில் நாட்டு நிலை உரையும் பட்ஜெட்டும்.

ஆகவே பொதுத் தேர்தலுக்குப் பின் வரும் அதிபருக்கு முதல் சாடெக் மாநாட்டுக்கு முன் சில வாரம்தான் கிடைக்கும். அந்த முதல் மாநாட்டில் அவர் பேசுவதில் பெரும்பகுதி அதிகாரிகள் முன்பே எழுதி வைத்தது. அதை வைத்துப் புதியவரின் மனத்தை அளக்க வேண்டாம். அவருடைய சொந்தக் கை தெரிவது அடுத்த பிப்ரவரி பட்ஜெட்டில்தான்.

இடையில் பதவிக்கு வருபவரின் கணக்கு வேறு. 2018 பிப்ரவரி 15 அன்று ஜேக்கப் சூமாவுக்குப் பதிலாக வந்த சிரில் ராமபோசா, பட்ஜெட்டையும் அமைச்சரவையில் பாதியையும் அப்படியே வாங்கிக்கொண்டார். சாடெக் தலைமையும் அப்போது தென்னாப்பிரிக்காவிடம் இருந்ததால் அதுவும் கூடவே வந்தது.

தனியாகச் செய்யக்கூடியதும் முடியாததும்

அரசியலமைப்பின் நான்கு பிரிவுகளைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பிரிவு 84: தூதர்களை நியமிப்பதும் பிற நாட்டுத் தூதர்களை ஏற்பதும் அதிபர். பிரிவு 91: அமைச்சர்களை நியமிப்பதும் நீக்குவதும் அதிபர். பிரிவு 201: படையை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி தரக்கூடியவர் அதிபர் ஒருவரே. இந்த மூன்றிலும் அவருக்குக் கை நீளம். நான்காவதான பிரிவு 231இல்தான் கட்டு விழுகிறது. ஒப்பந்தம் பேசுவதும் கையெழுத்திடுவதும் அரசின் வேலை. ஆனால் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போட்டு ஏற்றால்தான் அது நாட்டைக் கட்டுப்படுத்தும். தொழில்நுட்பம், நிர்வாகம் சார்ந்த ஒப்பந்தங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவற்றையும் உரிய காலத்தில் அவைகளின் மேசையில் வைத்தாக வேண்டும்.

இந்தக் கட்டை மறந்த அதிபர்களை நீதிமன்றம் திருத்தியிருக்கிறது. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை விட்டு விலகுவதாக 2016 அக்டோபரில் அரசு கடிதம் கொடுத்தது. நாடாளுமன்றத்தைக் கேட்காமல் கொடுத்தது செல்லாது என்று 2017 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் சொன்னதும் கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அண்டை நாட்டு விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது சாடெக் தீர்ப்பாய வழக்கு. ஜிம்பாப்வே அரசு பறித்த நிலத்துக்காக அந்நாட்டு விவசாயிகள் சாடெக் தீர்ப்பாயத்தில் வென்றார்கள். தலைவர்கள் கூடித் தீர்ப்பாயத்தையே முடக்கி, தனிமனிதர் அதை அணுக முடியாதபடி புதிய நெறிமுறை எழுதினார்கள். சூமா அதில் கையெழுத்திட்டது அரசியலமைப்புக்கு முரணானது என்று 2018 டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநாட்டில் மற்றத் தலைவர்களோடு சேர்ந்து போடும் கையெழுத்தும் உள்நாட்டு நீதிபதியின் முன் வந்து நிற்கும் என்பதை அந்தத் தீர்ப்பு உறுதியாக்கியது.

அமைச்சரவைப் பட்டியலை எப்படிப் படிப்பது

பட்டியல் வந்ததும் எல்லோரும் வெளியுறவு அமைச்சர் பெயரைத்தான் தேடுவார்கள். அண்டை நாட்டுக்கு அது போதாது. உள்துறை, வணிகத் துறை, நிதி, பாதுகாப்பு, தண்ணீர் ஆகிய ஐந்து பெயர்களையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லைச் சாவடிகளை நடத்தும் எல்லை மேலாண்மை ஆணையம் 2023 ஏப்ரல் 1 முதல் தனி அமைப்பு. அது உள்துறை அமைச்சருக்குக் கீழ் வருகிறது. சுங்க வரி விகிதத்தை முன்மொழியும் பன்னாட்டு வணிக நிர்வாக ஆணையம் வணிக அமைச்சருக்குக் கீழ்.

2024 கூட்டணி அரசில் இது மிக வெளிப்படையாகத் தெரிந்தது. வெளியுறவு ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசின் ரொனால்ட் லமோலாவுக்கு. உள்துறை ஜனநாயகக் கூட்டணியின் லியோன் ஷ்ரைபருக்கு. நட்பு பேசும் துறை ஒரு கட்சியிடம், கதவைத் திறந்து மூடும் துறை மறு கட்சியிடம். இப்படிப் பிரியும்போது இரண்டையும் ஒரே திசையில் இழுக்கவேண்டியவர் அதிபர். அவர் இழுக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பர்மிட் விவகாரமே சாட்சி. அதைக் கீழே பார்ப்போம்.

தூதர் நியமனத்தையும் கவனியுங்கள். ஓய்வு பெற்ற கட்சிக்காரரை ஒரு தலைநகருக்கு அனுப்பினால் அந்த உறவு தற்போதைக்கு நிர்வாகம் பார்த்துக்கொள்ளும் அளவில் இருக்கிறது என்று கொள்ளலாம். அதிபரின் நெருங்கிய ஆலோசகர் தனித் தூதராக அதே தலைநகருக்குப் போய்வந்தால், நிரந்தரத் தூதரை விட்டுவிட்டு அவருடைய பயணங்களைத் தொடருங்கள்.

முதல் பயணம்

சூமா தன் முதல் அரசுமுறைப் பயணத்தை 2009 ஆகஸ்டில் அங்கோலாவுக்கு வைத்தார். தாபோ உம்பெக்கி அதிபராக இருந்த காலத்தில் அங்கோலாவோடு இருந்த விரிசலை மூடும் நோக்கம் அதில் தெளிவாகவே இருந்தது. பெரிய வணிகர் கூட்டமும் உடன் போனது. ராமபோசா 2018 மார்ச்சில் அங்கோலா, நமீபியா, போட்ஸ்வானா என்று அடுத்தடுத்துப் போனார். அது சாடெக் தலைவர் என்ற முறையில் போன மரியாதைப் பயணம். இரண்டும் ஒரேமாதிரித் தொடக்கங்கள்போலத் தெரிந்தாலும் எடை ஒன்றில்லை.

எந்தப் பயணமானாலும் இதைப் பாருங்கள்: உடன் சென்ற அமைச்சர்கள் யார், கூட்டறிக்கையில் தேதி குறித்த வேலை எத்தனை, அடுத்த இருநாட்டு ஆணையக் கூட்டம் எப்போது. தேதியே இல்லாத கூட்டறிக்கை, படம் எடுக்கப் போன பயணம்.

பணம்: சுங்க ஒன்றியம்

அண்டை நாட்டுக் கொள்கையில் மிகப் பெரிய தொகை வெளியுறவுத் துறையின் கணக்கில் இல்லை. 1910இல் தொடங்கிய தெற்கு ஆப்பிரிக்கச் சுங்க ஒன்றியம் உலகிலேயே பழையது. தென்னாப்பிரிக்காவோடு போட்ஸ்வானா, நமீபியா, லெசோத்தோ, எஸ்வாத்தினி ஆகிய நான்கும் அதில் உறுப்பு, தலைமையகம் நமீபியாவின் விண்டூக். ஐந்து நாட்டு எல்லையிலும் வசூலாகும் சுங்க வரியும் கலால் வரியும் ஒரே தொகுப்பில் சேர்ந்து, 2002 ஒப்பந்தத்தின் வாய்ப்பாட்டின்படி பங்கிடப்படுகின்றன. சுங்க வரிப் பங்கு, ஒன்றியத்துக்குள் ஒரு நாடு மற்ற உறுப்பு நாடுகளிடம் எவ்வளவு வாங்குகிறது என்பதைப் பொறுத்தது. கலால் வரியில் 85 சதவீதம் பொருளாதாரத்தின் அளவுப்படி போகும். மீதி 15 சதவீதம் வளர்ச்சிப் பங்கு. வருமானம் குறைந்த நாட்டுக்குச் சற்றுக் கூடக் கிடைக்கும்.

தென்னாப்பிரிக்கக் கடைகளிலிருந்தே பெரும்பாலும் வாங்கும் சிறிய நாடுகளுக்கு இந்த வாய்ப்பாடு சாதகம். லெசோத்தோவுக்கும் எஸ்வாத்தினிக்கும் அரசு வருவாயின் பெரும் தூண் இதுதான். 2023–24 நிதியாண்டில் பிரிட்டோரியா பங்காகக் கொடுத்தது 8,000 கோடி ரேண்டை ஒட்டிய தொகை. பட்ஜெட் ஆவணத்தின் செலவுப் பக்கத்தில் இதைத் தேடினால் கிடைக்காது. வரி வருவாய் அட்டவணையின் அடியில் கழித்தலாக நிற்கும். கிட்டத்தட்ட எல்லாப் பத்திரிகைகளும் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகின்றன.

வணிகருக்கு இதில் நேரடிப் பயன் உண்டு. பங்கு முன்மதிப்பீட்டின்படி காலாண்டுக்கு ஒருமுறை போகிறது. உண்மை வசூலோடு ஒப்பிட்டுத் திருத்தம் இரண்டு ஆண்டு கழித்து வருகிறது. இந்த ஆண்டு தென்னாப்பிரிக்காவில் இறக்குமதி சரிந்தால், லெசோத்தோவின் மசெருவிலும் எஸ்வாத்தினியின் ம்பாபானேவிலும் அரசுச் சம்பளமும் அரசுக் கொள்முதலும் நெருக்கடிக்குள்ளாவது பின்னால்தான். அங்கே கடனுக்குச் சரக்கு விடுபவர்கள் பிப்ரவரி பட்ஜெட்டில் அந்தக் கழித்தல் வரியை முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டுவிட்டுத் தவணையை முடிவு செய்யவேண்டும்.

புதிய அதிபர் இந்த வாய்ப்பாட்டை மாற்றுவாரா? ஒவ்வொரு முறையும் இந்தப் பேச்சு எழுகிறது. ஐந்து நாடுகளும் இசையாமல் மாறாது. தவிரவும் 2002 ஒப்பந்தத்தின் 31ஆம் பிரிவுப்படி, மற்றவர்களின் ஒப்புதல் இல்லாமல் எந்த உறுப்பு நாடும் வெளி நாட்டோடு புதிதாக வரிச்சலுகை ஒப்பந்தம் செய்ய முடியாது. தென்னாப்பிரிக்க அதிபர் டெல்லியிலோ பெய்ஜிங்கிலோ வரிச்சலுகை பற்றி வாக்குக் கொடுத்தால், அதில் விண்டூக்கும் காபரோனும் சம்மதிக்க வேண்டிய பாதி மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கம், அதிபரின் வணிக அமைச்சர் சத்தமில்லாமல் செய்யக்கூடியதும் உண்டு. கோழி இறைச்சி, சர்க்கரை, துணி ஆகியவற்றுக்கான பொது வரி விகிதம் நடைமுறையில் பிரிட்டோரியாவில்தான் முடிவாகிறது. அதே விகிதம் மசெருக் கடையின் விலையிலும் ஏறுகிறது. சிறிய நாடுகளின் மனக்குறை பெரும்பாலும் இங்கிருந்து கிளம்புகிறது. அந்தக் குறை நியாயமானது என்பதே எங்கள் எண்ணம்.

ஒன்றியத்துக்குள் சுங்க வரி இல்லை என்பதால் காகிதமே வேண்டாம் என்று புதிதாகத் தொழில் தொடங்குபவர்கள் நினைத்துவிடுகிறார்கள். சுங்கப் பிரகடனப் படிவம் கட்டாயம்; சேரும் நாட்டில் மதிப்புக் கூட்டு வரியும் கட்டவேண்டும். மொசாம்பிக்கும் ஜிம்பாப்வேயும் ஒன்றியத்துக்கு வெளியே இருப்பவை. அங்கே சரக்கு எங்கே உருவானது என்ற சான்றிதழ் சரியாக இருந்தால்தான் சாடெக் வணிக நெறிமுறையின் சலுகை கிடைக்கும். இல்லையேல் லாரி நின்றுவிடும்.

எல்லையும் பர்மிட்டும்

அண்டை நாட்டு உறவு அதிகம் புண்படுவது உள்துறையின் அறிவிப்புகளால். 2009இல் ஜிம்பாப்வே மக்களுக்கெனத் தொடங்கிய சிறப்பு அனுமதித் திட்டம் பெயர் மாறி மாறித் தொடர்ந்தது. கடைசியில் சுமார் 1,78,000 பேர் அந்தப் பர்மிட்டில் இருந்தார்கள். 2021 இறுதியில் அதை முடித்துக்கொள்ள அரசு முடிவெடுத்தது. பாதிக்கப்படுபவர்களிடம் முறையாகக் கருத்துக் கேட்காமல் எடுத்த முடிவு செல்லாது என்று 2023 ஜூனில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. அதன்பின் பர்மிட் நீட்டிப்பு நீட்டிப்பாகவே ஓடுகிறது.

புதிய அதிபர் வந்ததும் இந்த நீட்டிப்பின் கடைசித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே அரசிதழில் அறிவிப்பு வந்தால் துறைகள் தங்களுக்குள் பேசுகின்றன என்று பொருள். கடைசி வாரத்தில் வந்தால் பேசவில்லை. ஜிம்பாப்வே ஊழியர் வைத்திருக்கும் முதலாளிகள் பர்மிட் நகலோடு நீட்டிப்பு அறிவிப்பின் நகலையும் சேர்த்து வைக்கவேண்டும். பர்மிட்டில் அச்சிட்ட தேதி முடிந்திருந்தாலும் அறிவிப்புதான் செல்லும் என்பதைப் பல வங்கிக் கிளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

படை

பிரிவு 201 அதிபருக்குத் தரும் அதிகாரத்தோடு ஒரு கடமையும் வருகிறது. படை அனுப்பியதும் காரணம், இடம், ஆள் எண்ணிக்கை, காலம் ஆகிய நான்கையும் தாமதமின்றி நாடாளுமன்றத்துக்கு எழுதவேண்டும். முதல் ஏழு நாளில் அவை கூடாவிட்டால் உரிய குழுவுக்காவது தெரிவிக்கவேண்டும். இந்தக் கடிதம் கையில் கிடைத்தால் கொள்கையே கிடைத்தமாதிரி. மொசாம்பிக்கின் காபோ டெல்காடோவுக்கு 2021 ஜூலையில் அனுப்பியபோது 1,495 பேர், மூன்று மாதம், 98.4 கோடி ரேண்ட் என்று எழுதியிருந்தது. காங்கோவுக்கு 2023 டிசம்பரில் 2,900 பேர், ஓராண்டு, சுமார் 200 கோடி ரேண்ட்.

எண்ணிக்கையைப் பார்த்ததும் கேட்கவேண்டியது, இத்தனை பேருக்கு ஹெலிகாப்டரும் மருத்துவ வசதியும் யார் தருவது என்பது. காங்கோவில் வான்வழி ஆதரவு போதாமல் இருந்த நிலையில் 2025 ஜனவரியில் கோமா அருகே 14 தென்னாப்பிரிக்க வீரர்கள் உயிரிழந்தார்கள். மார்ச்சில் சாடெக் அந்தப் பணியையே முடித்துக்கொண்டது. அவர்கள் பெயர் தெரியாத எண்கள் இல்லை. படை அனுப்பும் கடிதத்தை வாசிக்கும் ஒவ்வொரு முறையும் இது நினைவில் நிற்கட்டும்.

பழைய பாடம் 1998 செப்டம்பரில் லெசோத்தோவுக்குள் படை அனுப்பியது. நெல்சன் மண்டேலாவும் துணை அதிபர் உம்பெக்கியும் வெளிநாட்டில் இருக்க, தற்காலிக அதிபராக இருந்தவர் மங்கோசுத்து பூத்தலேசி. எதிர்ப்பு பெரிதாக இராது என்று எண்ணி முதலில் 600 வீரர்களே உள்ளே போனார்கள். கட்சே அணையருகே லெசோத்தோ வீரர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். காவல் இல்லாத மசெரு நகரம் சூறையாடப்பட்டு எரிந்தது. கடைகளை இழந்தவர்களின் கோபம் ஆண்டுக்கணக்கில் ஆறவில்லை. கட்சே ஏன் முக்கியம்? 1986 ஒப்பந்தப்படி ஜோகன்னஸ்பர்க் பகுதிக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. அதற்கு லெசோத்தோவுக்கு உரிமைத்தொகை போகிறது. இரண்டாம் கட்டமான பொலிஹாலி அணை நீண்ட காலப் பணி. எந்த அதிபரும் இந்தத் தண்ணீர் ஒப்பந்தத்தோடு விளையாடமாட்டார். மாறாதவை எவை என்ற பட்டியலில் இதை முதலில் எழுதுங்கள்.

கணிப்பு தவறும் இடங்கள்

மௌனத்தைச் செயலின்மை என்று எடுத்துக்கொள்வது முதல் தவறு. ஜிம்பாப்வே விஷயத்தில் உம்பெக்கி வெளியே கண்டிக்காமல் உள்ளே பேசினார். அதற்கு வாங்கிய ஏச்சு கொஞ்சமில்லை. அந்த ஏச்சில் நியாயமும் இருந்தது. ஆனாலும் 2008 செப்டம்பர் 15 அன்று ஹராரேயில் அதிகாரப் பகிர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது அவருடைய நடுவர் வேலையால்தான். அதே மாதம் அவர் பதவி விலகினார். கொள்கை அவரோடு போய்விடவில்லை. 2009இல் அதிபரான சூமா அந்தப் பொறுப்பை 2013 வரை சுமந்தார். ஆள் மாறினால் எல்லாம் மாறும் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை படித்துப் பார்க்கவேண்டும்.

கட்சி வழியைக் கணக்கில் எடுக்காதது அடுத்தது. ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ், ஜிம்பாப்வேயின் சானு-பிஎஃப், மொசாம்பிக்கின் ஃப்ரெலிமோ, நமீபியாவின் ஸ்வாப்போ ஆகியவை விடுதலைப் போராட்டக் காலத்துத் தோழமைக் கட்சிகள். தூதரகத்தில் நகராத காரியம் கட்சிச் செயலாளர்களின் சந்திப்பில் நகரும்.

அங்கேயும் ஆள் மாறுவார் என்பதைப் பலர் மறக்கிறார்கள். 2024 நவம்பர் முதல் 2025 மார்ச் வரையிலான ஐந்து மாதத்துக்குள் போட்ஸ்வானாவில் துமா போகோ, மொசாம்பிக்கில் தானியேல் சாப்போ, நமீபியாவில் நெட்டும்போ நண்டி-ந்டைத்வா என மூன்று புதிய அதிபர்கள் வந்தார்கள். 2022 முதல் தென்னாப்பிரிக்கக் காய்கறிக்குப் போட்ஸ்வானா போட்டிருந்த தடை தளர்ந்தது போகோ வந்தபிறகு. பிரிட்டோரியாவில் யாரும் மாறவில்லை. மொசாம்பிக் தேர்தல் கலவரத்தில் 2024 நவம்பரில் லெபோம்போ சாவடி மூடி மூடித் திறந்தது. அண்டை நாடுகளின் தேர்தல் தேதிகளையும் உங்கள் நாள்காட்டியில் ஏற்றுங்கள். வாக்குப்பதிவுக்குப் பின் சில வாரத்துக்கு அழுகும் சரக்கை அந்த வழியில் ஏற்றாதீர்கள்.

எங்கே தேடுவது, எப்போது பேசுவது

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, காகிதம், கையெழுத்திட்டவர், தொகை, முடியும் நாள் என்று ஐந்து பத்தி. நாடாளுமன்ற வெளியுறவுக் குழுவின் கூட்டக் குறிப்புகளை நாடாளுமன்றக் கண்காணிப்புக் குழு இணையத்தில் வெளியிடுகிறது. அமைச்சரின் உரையைவிட உறுப்பினர்கள் கேள்வி கேட்கும் பகுதியில்தான் சரக்கு இருக்கும். பட்ஜெட்டில் வெளியுறவுத் துறைக்கான ஒதுக்கீடு 6ஆம் எண். அதில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான ஆப்பிரிக்க மறுமலர்ச்சி நிதிக்கு எவ்வளவு என்று பாருங்கள். அண்டை நாட்டுத் தேர்தல் உதவி, உணவு உதவி போன்றவை அங்கிருந்து போகின்றன.

வரி விகித மாற்றத்துக்கான விண்ணப்பங்கள் அரசிதழில் வெளியாகும். கருத்துச் சொல்ல வழக்கமாக நான்கு வாரம் தருகிறார்கள். தனிக் கடைக்காரர் எழுதினாலும் எடுத்துக்கொள்வார்கள், சங்கமாகச் சேர்ந்து எழுதினால் எடை கூடும். கடிதத்தில் வரி வகை எண், ஆண்டுக்கு எத்தனை டன், எந்தச் சாவடி வழியாக, வரி ஏறினால் சில்லறை விலை எத்தனை ரேண்ட் கூடும் என்ற நான்கையும் எழுதுங்கள். இந்த எண்கள் இல்லாத கடிதம் கோப்பிலேயே தங்கிவிடும்.